தெரியவில்லை என்றும் எழுதலாம்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் குரோம்பேட்டை அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர்களைப் பறவை பார்க்க அழைத்துச் செல்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். "குரோம்பேட்டையில் என்ன சார் பறவை இருக்கிறது?" என்பதுதான் நான் வழக்கமாக எதிர்கொள்ளும் முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை, இன்னொரு பக்கம் மின்சார ரயில், அண்ணாந்து பார்த்தால் விமானம். ஊர்ப் பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது.

ஆனால் உங்கள் பள்ளி வளாகத்தில் காலை வழிபாட்டுக்கு முன் கால் மணி நேரம் நின்று பாருங்கள். காகம், அண்டங்காக்கை, மைனா, மாடப்புறா, பச்சைக்கிளி, செம்போத்து, கரிச்சான், தேன்சிட்டு, வால் காக்கை, பனை உழவாரன் எனப் பத்தாவது எண்ணலாம். சற்று வெளியே போனால் சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் ஏரிகள். இந்தப் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் போய்ச் சேரும் இடம் பள்ளிக்கரணை சதுப்புநிலம். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட, உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம் அது. பூநாரையும் கூழைக்கடாவும் வந்து இறங்கும் இடம் நம் மாணவர்கள் பேருந்தில் போய் வரும் தூரத்தில் இருக்கிறது. நன்மங்கலம் காப்புக்காட்டின் பழைய கல்குவாரிப் பாறைகள், கொம்பன் ஆந்தைக்காகப் பறவை ஆர்வலர்களிடையே பெயர் பெற்றவை. பறவைக்குப் பஞ்சமில்லை. நின்று பார்க்கும் பழக்கத்துக்குத்தான் பஞ்சம்.

எங்கள் பள்ளியில் சூழல் மன்றத்தின் வழியாக மாதம் ஒரு சனிக்கிழமை காலை போகிறோம். தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதம், இருபது மாணவர்களுக்கு இரண்டு ஆசிரியர்கள். ஏரிக்கரைக்கு மேல்தான் நடக்க வேண்டும், தண்ணீர்ப் பக்கம் இறங்கக் கூடாது. ஆறரைக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் முடித்துவிடுவோம். இருநோக்கி இரண்டுதான் உண்டு, முறை வைத்துப் பார்ப்பார்கள். அது இல்லாவிட்டாலும் குறையில்லை. நால்வர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நோட்டு. அதில் தேதி, இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், பறவை, எண்ணிக்கை. அவ்வளவுதான்.

இந்த நோட்டைப் பற்றித்தான் இன்று முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதல் சில மாதங்களில் ஒரு விஷயம் கவனத்துக்கு வந்தது. எந்தக் குழு அதிகப் பறவைகளை எழுதுகிறது என்று மாணவர்களுக்குள் தாமாகவே ஒரு போட்டி உருவானது. ஒரு குழுவின் நோட்டில் பூநாரை இருந்தது. எழுதிய மாணவனிடம் நான் கோபப்படவில்லை. "எங்கே நின்றது? எத்தனை? என்ன செய்துகொண்டிருந்தது?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவனே அந்த வரியை அடித்துவிட்டான்.

அதே நாளில் இன்னொரு குழு ஏழு பறவைகளைத்தான் எழுதியிருந்தது. கடைசி வரி இப்படி இருந்தது: "தண்ணீர் ஓரத்தில் தனியாக நடந்தது. மைனாவை விடச் சின்னது. மேலே பழுப்பு, வயிறு வெள்ளை. தோள்பக்கம் வெள்ளை மேலே ஏறியிருந்தது. பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே இருந்தது. பெயர் தெரியவில்லை."

இந்த வரியை எனக்குத் தெரிந்த பறவை ஆர்வலர் ஒருவருக்கு அப்படியே அனுப்பினேன். படம் எதுவும் இல்லை. அவர் உடனே பதில் அனுப்பினார்: உள்ளான். தோளோரம் ஏறும் அந்த வெள்ளைதான் அடையாளமாம். ஆசியா, ஐரோப்பாவின் வடபகுதிகளில் இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்துக்கு நம் நீர்க்கரைகளுக்கு வரும் பறவை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் ஐந்தாறு சொற்றொடர்களில் அதைப் பிடித்துவிட்டார்கள்.

நம் வகுப்பறையில் "தெரியவில்லை" என்ற விடைக்கு மதிப்பெண் கிடையாது. ஏதாவது எழுதி வை, அரை மதிப்பெண்ணாவது வரும் என்று நாமே சொல்லிக் கொடுக்கிறோம். தேர்வுக்கு அது உதவலாம், அறிவியலுக்கு உதவாது. பார்த்ததை மட்டும் எழுதுவது, எண்ணியதை எண்ணியபடி எழுதுவது, தெரியாததைத் தெரியாது என்று எழுதிவிட்டு விவரத்தைக் குறித்து வைப்பது — இந்த மூன்றையும் ஏரிக்கரையில் கற்றுக்கொடுக்க முடிகிறது. அன்றிலிருந்து எங்கள் மன்றத்தில் அதிகப் பறவை எழுதிய குழுவுக்குக் கைத்தட்டல் இல்லை. நல்ல விவரம் எழுதிய குழுவுக்குத்தான்.

எழுதியதை யாருடன் பகிர்வது, பகிர்வதால் என்ன பயன் என்று கேட்கலாம். சிட்டுக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். செல்போன் கோபுரத்தால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்று நாமும் வகுப்பில் சொல்லியிருப்போம். பறவை ஆர்வலர்களின் பதிவுகளைத் தொகுத்து 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை வேறு விதமாகச் சொன்னது. நாடு முழுவதுமாகப் பார்த்தால் கடந்த 25 ஆண்டுகளில் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைந்து வருகிறது. கோபுரத்தின் மீது பழி போடச் சான்று இல்லை. 2023 அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அதற்கு 30,000க்கும் மேற்பட்டோர் அளித்த மூன்று கோடி பதிவுகள் உதவின. மயிலும் குயிலும் பெருகியிருக்கின்றன, நம் மின்கம்பிகளில் சாதாரணமாகப் பார்த்த பனங்காடை குறைந்திருக்கிறது என்பதெல்லாம் அப்படித் தெரிய வந்தவையே. அந்த 30,000 பேரில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர், நம்மைப் போன்றவர்கள்.

இதில் சேர நமக்கு வாய்ப்புகள் உண்டு. தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் நான்கு நாள்கள் உலகம் முழுவதும் நடக்கும் கணக்கெடுப்பில் பள்ளி, கல்லூரி வளாகங்களும் பங்கேற்கின்றன. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகள் எல்லாவற்றையும் எண்ணி, இபேர்டு தளத்தில் ஏற்ற வேண்டும். "இன்னொரு பதிவேற்றமா!" என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. எமிஸ் பார்த்த நமக்கு இது ஒன்றும் பெரிய வேலை இல்லை. கணக்கு ஆசிரியர் பெயரில் இருக்கட்டும். மாணவர்களின் பெயரையோ முகத்தையோ பொதுவெளியில் போட வேண்டாம். காகம் எட்டு, மைனா ஐந்து என்ற பட்டியலும் பயனுள்ளதே. இருப்பதை எழுதினால்தான், பின்னாளில் இல்லாமல் போனது தெரியும்.

பகிரக் கூடாததும் உண்டு. எங்கள் பகுதியில் ஒரு மரப்பொந்தில் புள்ளி ஆந்தை இருப்பதை ஒரு மாணவி கண்டுபிடித்தாள். எல்லாருக்கும் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மன்றத்தில் பேசினோம். மாந்திரீகம் என்ற மூடநம்பிக்கையால் ஆந்தைகளைப் பிடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள், 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்று சொன்னேன். அந்த மாணவியே முடிவு சொன்னாள்: "நோட்டில் எழுதுவோம் சார், எந்த மரம் என்று யாருக்கும் சொல்ல வேண்டாம்." கூட்டைப் படம் எடுக்கக் கிளையை விலக்குவது, பறவையை வரவழைக்க அதன் குரலைச் செல்போனில் ஒலிக்க விடுவது ஆகியவையும் எங்கள் மன்றத்தில் இல்லை.

இது புதுப் பண்பாடு அல்ல. நமக்கு அருகிலுள்ள வேடந்தாங்கலில் துப்பாக்கியோடு வந்தவர்களிடமிருந்து பறவைகளைக் காக்க வேண்டும் என்று கிராம மக்களே முறையிட்டார்கள். 1798இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேஸ் அந்தப் பாதுகாப்பை அங்கீகரித்தார். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பது அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. பல தலைமுறைகளாக நின்று கவனித்ததால் வந்த அறிவு அது.

உங்கள் மாணவர்களின் வீடுகளிலும் அந்த அறிவு இருக்கிறது. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் கத்துவதால், இமயமலை அடிவாரம் வரையிலிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வரும் ஒரு வண்ணப் பறவைக்கு ஆறுமணிக் குருவி என்று பெயர் வைத்தவர்கள் நம் மக்கள். தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். பாடநூலில் இல்லாத பெயர்கள் வரும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். வரும் திங்கட்கிழமை வழிபாட்டுக்கு முன் 15 நிமிடம், நான்கு மாணவர்கள், ஒரு நோட்டு. இவ்வளவு போதும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள். அதில் "பெயர் தெரியவில்லை" என்று ஒரு வரியாவது இருக்கட்டும். அதை எல்லாரும் சேர்ந்து கண்டுபிடிப்போம்.