மூன்று வாக்கிய ஆங்கிலம்

தாசேக் கெலுகோரில் கொமுட்டர் ஏறி பட்டர்வொர்த் பக்கம் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். 1972இல் பாயான் லெப்பாஸில் இன்டெல் கால்வைத்த காலத்திலிருந்தே பினாங்குத் தொழிற்சாலைக் கூட்டங்களில் ஆங்கிலம் நன்றாகப் புழங்குகிறது. பரீட்சையில் 'ஏ' வாங்கியவரும் அங்கே வாய் திறக்கத் தயங்குவார். பேசிப் பழகாத குறைதான், வேறென்ன?

1924இல் அமெரிக்காவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சு மன்றங்களில் இதற்கு ஒரு பயிற்சி உண்டு. தலைப்பை அந்த இடத்திலேயே கொடுப்பார்கள். ஒன்றிரண்டு நிமிடம் பேசியாக வேண்டும். ரயிலுக்குக் காத்திருக்கும்போது நண்பரோடு செய்து பாருங்கள். தலைப்பு இப்படி இருக்கட்டும்: நேற்று மெஷின் ஏன் நின்றது? என்ன ஆனது, என்ன செய்தோம், இனி என்ன வேண்டும்: மூன்றே வாக்கியம். கூட்டத்தில் ஒருவர் சொன்னது புரியவில்லையா, "சாரி, கேன் யூ சே தட் அகெய்ன்?" என்று கேளுங்கள். நடுவில் நம் மலேசிய 'லா' ஒட்டிக்கொண்டு வந்தால் வரட்டும்; வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் மட்டும் வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.