விஞ்ஞானம் எழுதுவது எப்படி?

(புதுவையில் செய்த பிரசங்கம்)



விஞ்ஞானக் கட்டுரை எழுதும் முறையைப் பற்றிப் பேசும்படி மாணவத் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். அதற்குப் பெரிய புலமையும் கடின பதங்களும் வேண்டுமென்று பலர் பயப்படுகிறார்கள். அது வீண் பயமேயாகும். வேண்டியது இன்னதென்பதை, இந்தப் புதுவையிலேயே நடந்த இரண்டு சங்கதிகளைக் கொண்டு சொல்லுகிறேன்.

1825-ல் வாரன் என்னும் வான ஆராய்ச்சியாளர் இங்கு ஒரு பஞ்சாங்கக் கணிதரைக் கண்டார். அவர் தரையில் சோழிகளை வைத்து, சொற்களில் அடக்கி மனப்பாடம் செய்திருந்த வாய்பாட்டைக் கொண்டு, அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் 4 நிமிஷமே பிழை. கெட்டிக்காரத்தனந்தான், சந்தேகமில்லை. ஆனால், முடிவு நேரத்தில் 52 நிமிஷம் பிழை! அந்தப் பிழை எங்கிருந்து வந்ததென்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? கணக்கின் காரணம் அவருக்கே தெரியாதென்று வாரன் எழுதியிருக்கிறார். காரணம் கேளாமல் ஒப்பிக்கும்போது கணக்குங்கூட மந்திரமாகிவிடுகிறது. வாரன் அதைப் படிப்படியாக எழுதி வைத்ததனாலேயே, 1952-ல் நாய்கெபவர் என்னும் அறிஞர் அதை ஆராய்ந்து உலகுக்கு விளக்க முடிந்தது.

மற்றொருவர் லெ ஜான்தீ என்னும் பிரெஞ்சுக்காரர். சூரியனுக்குக் குறுக்கே சுக்கிரன் செல்வதை அளந்தால் சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம் என்பதற்காக 1760-ல் புறப்பட்டு வந்தார். 1761-ல் யுத்தத்தினால் கரை சேர முடியாமல் கடலிலேயே இருக்க நேர்ந்தது. 8 வருஷம் காத்திருந்து, 1769 ஜூனில் இதே ஊரில் கருவியோடு உட்கார்ந்தார். மேகம் மறைத்துவிட்டது! புதுவையில் மேகம் மூடியதைப் பாரிஸில் இருந்தவர் யார் கண்டார்? ஆயினும், தாம் பார்க்கவில்லை என்பதையே அவர் புத்தகத்தில் எழுதி வெளியிட்டார்.

தோழர்களே! இந்த இரண்டிலும் பாடம் இருக்கிறது. ஒரு மருந்தினால் காய்ச்சல் தீர்ந்ததென்று எழுதுகிறீர்கள். எத்தனை பேருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் கொடுத்தீர்கள்? எத்தனை பேருக்குக் குணமாகவில்லை? மருந்து சாப்பிடாதவர்களுக்கு என்ன ஆயிற்று? இவற்றை எழுதாவிட்டால் அது வெறும் விளம்பரமேயாகும். கண்டதை வேறாகவும், கேட்டதை வேறாகவும், ஊகித்ததை வேறாகவும் எழுதுங்கள். "பெரியோர் சொன்னார்கள்" என்பதை ஆதாரமாக வைக்காதீர்கள். வீட்டில் பேசும் தமிழிலேயே எழுதுங்கள். படிப்பவன் தானே செய்து பார்த்து, உங்கள் பேச்சு தப்பென்று காட்டவும் இடங்கொடுத்து எழுதுங்கள். அதுவே விஞ்ஞான எழுத்து என்று சொல்லி என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.