புகாரை விசாரிப்பது யார்?

(கூரத்தில் நெசவாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தறிக்குழியிலிருந்தும் வயல் சேற்றிலிருந்தும் எழுந்து வந்திருக்கிறீர்கள். போலீஸ் சட்டம் நமக்கெதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கூலி கேட்டு வேலை நிறுத்தம் செய்தால் முதலில் வருவது லேபர் ஆபீசரா, சப்-இன்ஸ்பெக்டரா? நீங்களே சொல்லுங்கள்.

இது பழைய வியாதி. வரி வசூலுக்காக ரயத்துக்களைச் சித்திரவதை செய்த கொடுமையை வெள்ளைக்காரன் போட்ட கமிஷனே 1855-இல் அறிக்கையாக எழுதியது. 1859-இல் புதுப் போலீஸ் சட்டம் வந்தது. உடுப்பு மாறிற்று, அடி மாறவில்லை.

எமர்ஜென்சிக்குப் பின் 1977-இல் தேசியப் போலீஸ் கமிஷன் அமைந்தது. அதன் அறிக்கைகள் அலமாரியில் தூங்கின. 1996-இல் பிரகாஷ் சிங் என்பவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். நம் ஆள் அல்ல, ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரிதான்! பத்து வருஷம் கழித்து, 2006 செப்டம்பர் 22-இல் கோர்ட்டு ஏழு கட்டளைகள் போட்டது.

ஏழையும் விவரிக்கப் பொழுதில்லை. நமக்கு முக்கியமானது புகார் ஆணையம். மாநிலத்தில் ஓய்வு பெற்ற ஹைக்கோர்ட்டு அல்லது சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி தலைவர். ஜில்லாவில் ஓய்வு பெற்ற ஜில்லா நீதிபதி. லாக்கப் சாவு, கற்பழிப்பு, படுகாயம் எல்லாவற்றையும் அவர்கள் விசாரிப்பார்கள். அவர்கள் சிபாரிசு சர்க்காரைக் கட்டுப்படுத்தும். சட்டசபை தனிச் சட்டம் செய்யும்வரை இதுவே சட்டம் என்றது கோர்ட்டு.

அந்த ஒரு வாசகத்தில் புகுந்து கொண்டார்கள்! 2013-இல் தமிழ்நாடு போலீஸ் சீர்திருத்தச் சட்டம் பிறந்தது. பெயரில்தான் சீர்திருத்தம். மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர் டி.ஜி.பி. ஜில்லாவில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். நீதிபதி எங்கே? காணோம். கூலியைப் பிடித்த முதலாளியையே கூலித் தகராறுக்குப் பஞ்சாயத்தாராக உட்கார வைத்தால் ஒப்புவீர்களா?

2021-இல் ஆட்சி மாறிற்று. அப்போதும் இந்தச் சட்டத்தைத் தொடவில்லை. நாமும் அந்தக் கூட்டணியில்தான் இருந்தோம். அதற்காக இதை மறைக்கப் போவதில்லை.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனும், 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளியும் போலீஸ் பிடியில் அடிபட்டு மாண்டார்கள். ஹைக்கோர்ட்டு மதுரைக் கிளை தலையிட்டது, வழக்குகள் சி.பி.ஐ.க்குப் போயின. புகார் ஆணையம் என்ற பெயரை அந்நாட்களில் எவராவது கேள்விப்பட்டீர்களா?

நம் அனுபவம் ஒன்று. சில வருஷங்களுக்கு முன் ஒரு நெசவாளியின் மகனைச் சந்தேகத்தின் பேரில் பிடித்துப் போனார்கள். ஒரு நாளுக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த வேண்டும். மூன்று நாள் வைத்திருந்தார்கள். மேலதிகாரிக்கு மனு எழுதினோம். அந்தக் காகிதம் மேசை மேசையாகச் சுற்றி, விசாரணைக்கென்று அதே ஸ்டேஷனுக்கே வந்து சேர்ந்தது! “இது நீங்க எழுதினதுதானே?” என்று அதே சப்-இன்ஸ்பெக்டர் நம்மிடம் நீட்டினார். பையனின் கட்டை விரல் இன்றும் ஊடை நூலைப் பிடிக்காது.

ஆகவே 2013 சட்டத்தைத் திருத்தக் கோருகிறோம். ஆணையத்துக்கு நீதிபதியே தலைவராக வேண்டும். அதன் முடிவு சர்க்காரைக் கட்டுப்படுத்த வேண்டும். மனு மேடையருகே இருக்கிறது. கையெழுத்துத் தெரியாதவர்கள் கைநாட்டு வையுங்கள். அந்தப் பையனின் தாயார் முதல் கைநாட்டு வைத்துவிட்டார்.