பரம்பரை வருத்தமும் புள்ளிவிபரமும்

(கரடியனாற்றிலே சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



“அது பரம்பரை வருத்தம்” என்னும் ஒரு சொல்லால் நம் ஊர்களிலே கலியாணப் பேச்சுக்கள் முறிந்துபோவதுண்டு. தாயின் கைவிரல் மூட்டுக்கள் வீங்கி வளைந்திருப்பதைக் கண்டவர்கள் மகளை வேண்டாமென்று எழுந்து போய்விடுகிறார்கள். தாய்வழிக் குடி பார்க்கும் நம்மிடையே தாயின் வருத்தம் மகளின் தலையிலே எளிதாக ஏறிவிடுகிறது. அதற்கு அஞ்சியே தாயும் நோவை மறைத்து, வைத்தியசாலைக்குப் போகாமற் காலங் கடத்துகிறாள். இச்சொல்லில் உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு என்று ஆராய்வதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விடயம்.

நோய்க்கிருமிகளை எதிர்த்து நிற்கும் காவற்படை ஒன்று நம் உடலில் உண்டு. அக்காவற்படையே தன் வீட்டைப் பகைவன் வீடென மயங்கித் தாக்குமானால் விளைபவை தன்னெதிர்ப்பு நோய்கள். மூட்டுக்களைத் தாக்கினால் முடக்குவாதம். தோல், சிறுநீரகம் முதலிய பல உறுப்புக்களைத் தாக்கினால் லூப்பஸ். இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்தால் முதலாம் வகை நீரிழிவு. இவை தொற்றுவனவல்ல, சூனியத்தாலும் செய்வினையாலும் வருவனவுமல்ல. முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கே இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. டெல்லியை அடுத்த கிராமங்களிலே ஏறக்குறைய 40,000 பேரை விசாரித்து 1993 இல் வெளியிட்ட கணக்கின்படி, வளர்ந்தோர் 400 பேரில் 3 பேருக்கு அந்நோய் இருந்தது.

இது பரம்பரையால் வருவதா? ஒரு குடும்பத்தில் இருவருக்கு வந்ததைக் கொண்டு முடிவுகட்டலாகாது. ஒரு வீட்டார் ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பவர்கள்; ஒரே அடுப்புப் புகையைச் சுவாசிப்பவர்கள். ஆகவே அறிஞர்கள் இரட்டையரை நாடினார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த ஒத்த இரட்டையருக்குப் பரம்பரையலகுகள் ஒன்றே; மற்ற இரட்டையரோ சாதாரண உடன்பிறப்புக்களைப் போன்றவர்கள். பிரித்தானியாவில் அதே 1993 இல் வெளிவந்த ஆய்விலே, ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் இருந்தபோது மற்றவருக்கும் இருந்தது 100க்கு 15 அளவிலேதான். மற்ற இரட்டையரில் 100க்கு 4 அளவிலே.

15 என்பது 4இலும் பெரிது. ஆகவே பரம்பரைக்குப் பங்குண்டு. ஆனால் பரம்பரையலகுகள் அனைத்தும் ஒன்றாயிருந்தும் 100க்கு 85 பேர் தப்பியிருக்கிறார்கள். அப்படியானால், தாயிடமிருந்து பாதியை மட்டுமே பெற்ற மகளை நோயாளியென்று ஒதுக்குவது எங்ஙனம் நியாயமாகும்?

வயல் செய்யும் நமக்கு இது புதுமையன்று. ஒரே விதைநெல்லை இரண்டு வட்டைகளில் விதைத்தால் விளைச்சல் ஒன்றாவதில்லை. விதையின் பங்கு எவ்வளவு, மண்ணின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறியும் கணக்கை வளர்த்தவர் றொனால்ட் ஃபிஷர் என்னும் ஆங்கில அறிஞர். 1919 இல் றொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்து, வயற் பரிசோதனைகளைக் கொண்டே அதனை வகுத்தார். வயலிலே வளர்ந்த அப்புள்ளிவிபரவியலே இன்று நோயாராய்ச்சிக்கும் கைகொடுக்கிறது.

முடக்குவாதத்திற்கு மண்ணாவது எது என்று கேட்பீர்கள். புகைத்தல் அதிலொன்று. சுவீடனில் 2006 இல் வெளிவந்த ஆய்வின்படி, குறித்த பரம்பரையலகைத் தாய் தந்தை இருவரிடமும் பெற்று, புகைப்பவராகவும் இருப்போருக்கு, அவ்விரண்டும் இல்லாதோரைவிட ஒருவகை முடக்குவாதம் வரும் வாய்ப்பு 21 மடங்கு. பரம்பரையலகை நாம் மாற்ற முடியாது; சுருட்டை எறிந்துவிட முடியும்.

2014 இல் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பரம்பரையலகுகளை ஒப்பிட்டு, முடக்குவாதத்தோடு தொடர்புடைய 101 இடங்களைக் குறித்தார்கள். ஆனால் அங்கே ஆராயப்பட்டோர் ஐரோப்பியரும் கிழக்காசியருமே. ஐரோப்பியரிடம் முக்கியமெனக் கண்ட ஒரு மாற்றம் தென்னாசியரிடம் மிக அரிது. பிறருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை நமக்குப் பொருந்துமா? ஆதலால், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவ நிலையத்தார் தென்னிந்தியத் தமிழரில் நோயுற்றோரையும் நலமுள்ளோரையும் ஒப்பிட்டு நடத்திய ஆய்வுகள் நமக்குப் பெறுமதியானவை. இலங்கையிலும் 1997 இல் இரட்டையர் பதிவேடு ஒன்று தொடங்கப்பட்டது. இத்தகைய ஆய்வாளர் முறைப்படி வந்து விளக்கிக் கேட்டால், நலமுள்ளவர்களும் முன்வரவேண்டும். நோயாளரை மட்டும் எண்ணினாற் கணக்கு முடியாது.

வாலிபர்களே, உங்கள் வீட்டிலே தாய்க்கோ தமக்கைக்கோ காலையிலே கைமூட்டுக்கள் நெடுநேரம் விறைத்து, வீக்கமும் வாரக்கணக்காய் நின்றால் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். முடக்குவாதத்தை அடியோடு நீக்க முடியாவிடினும், ஆரம்பத்திலேயே மெதொற்றெக்சேற் போன்ற மருந்தை வைத்தியர் மேற்பார்வையில் தொடங்கினால் மூட்டுக்கள் உருக்குலைவதைப் பெரிதும் தடுக்கலாம். பெண் பார்க்கப் போகும் பெரியோர்களே, “பரம்பரை வருத்தம்” என்று சொல்ல வாய் எடுக்குமுன் அந்த 85 பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள். மறைக்கும் நோய் வளரும். சொல்லும் நோய்க்கே மருந்து கிடைக்கும்.