பழைய வண்டிகளைக் காத்த கழகங்கள்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் பணித்தபோது இலக்கியப் பொருளொன்றையே அவர் எதிர்பார்த்திருப்பார். நாம் எடுத்துக் கொண்டதோ மோட்டார் வண்டி; அதிலும் ஓடி ஓய்ந்த பழைய வண்டி. இதற்குக் காரணம் ஒன்று உண்டு. அதை முடிவில் சொல்லுகிறோம். இப்போது சற்றுத் தொலைவில், இங்கிலாந்தில் தொடங்குவோம்.

அந்நாட்டில் 1865ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இருந்தது. பொறியால் ஓடும் எந்த வண்டியும் சாலையில் செல்ல வேண்டுமானால், அதற்கு முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடி பிடித்து நடந்து போக வேண்டும். ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல்; அதற்கு மேல் விரைந்தால் குற்றம். நம் ஊர்த் தேர்கூடச் சில வேளை அதைவிட விரைவாக நிலைக்கு வந்துவிடும்! கொடி பிடிக்கும் கட்டாயம் சில ஆண்டுகளில் தளர்ந்தது. முன்னால் ஆள் நடக்கும் கட்டாயம் மட்டும் 1896 வரை நீங்கவில்லை. அவ்வாண்டில் வந்த புதிய சட்டம் 14 மைல் விரைவுக்கு இடம் கொடுத்தது. அந்த விடுதலையைக் கொண்டாட நவம்பர் 14ஆம் நாள் வண்டிக்காரர்கள் லண்டனிலிருந்து கடற்கரை நகரமாகிய பிரைட்டனுக்கு ஊர்வலமாகப் புறப்பட்டார்கள். புறப்படுமுன் ஒரு பிரபு சிவப்புக் கொடியைக் கிழித்தெறிந்தார். வழியில் பல வண்டிகள் நின்றுவிட்டன. ஒரு வண்டியை ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய், பிரைட்டனுக்கு அருகில் இறக்கிச் சேற்றைப் பூசி ஓட்டி வந்தார்கள் என்னும் வம்பு இன்றும் வழங்குகிறது.

முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1927இல் ஒரு நாளிதழ் அந்தப் பயணத்தை மீண்டும் நடத்தியது. நோக்கம் பெரும்பாலும் வேடிக்கைதான். கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த வண்டிகளைத் துடைத்து எடுத்து வந்தார்கள். தெருவோரம் நின்றவர்கள் அவற்றை ஓட்டை உடைசல் என்று சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் ஓட்டியவர்களுள் சிலருக்கு அந்தச் சிரிப்பு உறுத்தியது. 1930ஆம் ஆண்டின் ஓட்டத்தையொட்டி, பிரைட்டனில் ஓல்டு ஷிப் என்னும் ஓட்டலில் கூடிப் பேசி, ‘வெட்டரன் கார் கிளப்’ என்னும் கழகத்தை நிறுவினார்கள். பழைய வண்டிகளுக்கென்று உலகில் எழுந்த முதற்கழகங்களுள் அது ஒன்று.

அந்தக் கழகம் செய்த பெரும்பணி எது? பித்தளையைத் துலக்கியது அன்று. கோப்பை வழங்கியதும் அன்று. வண்டியின் வயதை நிறுவியதுதான். பழைய பொருளுக்கு மதிப்பு வந்தவுடனே பொய்யும் உடன் வந்துவிடும் அல்லவா? 1908இல் செய்த வண்டியை 1902இல் செய்தது என்பார் ஒருவர். ஒரு வண்டியின் சட்டத்தில் இன்னொரு வண்டியின் எஞ்சினைப் பொருத்தி வருவார் மற்றொருவர். கழகத்தார் சட்ட எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பார்த்தார்கள். தொழிற்சாலை வெளியிட்ட பழைய விலைப்பட்டியல்களைத் தேடி ஒப்பிட்டார்கள். தெளிந்த பின்னரே சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்கள். பிரைட்டன் ஓட்டத்துக்கு 1905க்கு முன் செய்த வண்டிகளே தகுதியுடையவை ஆதலால், ஓராண்டு முன்பின் ஆனாலும் வழக்குத்தான். நம் நாட்டில் ஏட்டுச் சுவடிகளின் காலத்தை ஆய்ந்தவர்கள் பட்ட பாட்டுக்கு இது குறைந்ததன்று.

1934இல் ‘விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்’ என்னும் இன்னொரு கழகம் தோன்றியது. அதைத் தொடங்கியோர் பெருஞ்செல்வர் அல்லர். புது வண்டி வாங்கப் பொருள் இல்லாதவர்கள்; மலிவாகக் கிடைத்த பழைய வண்டியே புதியதைவிடத் திருத்தமாகச் செய்யப்பட்டது என்று நம்பியவர்கள். திராட்சை மதுவுக்கு வழங்கிய ‘விண்டேஜ்’ என்னும் சொல்லை வண்டிக்கு ஏற்றி, 1930ஆம் ஆண்டு முடிவோடு எல்லை கட்டினார்கள். நடுத்தரக் குடும்பத்தார் பெருமை கொள்ளத்தக்க வரலாறு இது. 1953இல் வெளிவந்த ‘ஜெனிவீவ்’ என்னும் திரைப்படம், 1904ஆம் ஆண்டு டராக் வண்டி ஒன்றைக் கதைத் தலைவி போலவே ஆக்கிவிட்டது. அதன்பின் இந்தப் பைத்தியம் பல நாடுகளுக்கும் பரவியது.

நம் தலைநகருக்கு அது வந்தது 1964இல். ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகை அவ்வாண்டில் டில்லியில் பழைய வண்டிகளின் ஓட்டத்தைத் தொடங்கியது. 1968இல் கல்கத்தாவிலும் நடத்தியது. குளிர்காலத்து ஞாயிறு ஒன்றில், கன்னாட்டு பிளேசில் குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நாமும் அதைக் கண்டிருக்கிறோம். அரசர்களின் வண்டிகளைவிட நம் நெஞ்சில் நின்றது ஒரு தீயணைப்பு வண்டி. 1914ஆம் ஆண்டு ஜான் மாரிஸ் நிறுவனத்தார் செய்தது. நிஜாம் ரயில்வேயில் பணி செய்தது. இப்போது ரயில் அருங்காட்சியகத்தில் இருப்பது. காற்றடைக்காத கெட்டி ரப்பர்ச் சக்கரத்தோடு, மணியடித்துக்கொண்டு அது போன காட்சி மறக்கற்பாலதன்று.

இதற்குள் நம் நாடு இழந்தவை பல. சுதேச மன்னர்களின் வண்டிகள் சொற்ப விலைக்குக் கைமாறிக் கப்பலேறின. 1940க்கு முன் செய்த வண்டிகளை ஏற்றுமதி செய்யலாகாது என்ற தடை 1970களில்தான் வந்தது. பின்னர் வேறொரு நெருக்கடியும் நேர்ந்தது. டில்லியின் காற்று கெட்டது. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டியும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் ஓடலாகாது என்று பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மூச்சு முட்டும் குழந்தைகளை வைத்திருக்கும் நாம் அதைக் குறை கூற மாட்டோம். ஆயினும் ஆண்டுக்கு நான்கு நாள் வெளிவரும் கிழவண்டிக்கும் நாள்தோறும் புகை கக்கும் வண்டிக்கும் வேற்றுமை இல்லையா என்று கேட்கத்தான் தோன்றியது. 2021 ஜூலையில் மத்திய அரசு அதற்கு விதி செய்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சட்டமும் உடலும் எஞ்சினும் மாற்றப்படாத வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதியலாம்; எண்பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் இருக்கும். கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சிக்கும் ஓட்டத்துக்கும் பழுது பார்க்கவும் எரிபொருள் நிரப்பவும் ஓட்டலாம். அன்றாடப் போக்குவரத்துக்கு ஆகாது. முன்னரே இந்நாட்டில் பதிவான வண்டியானால் பழைய பதிவுச் சான்றும் வேண்டும்.

இனி நம் காரணத்தைச் சொல்லுகிறோம். எங்கள் தந்தையார் 1966இல் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கினார். வடிவம் இத்தாலியக் கலைஞர் மிக்கெலாட்டியுடையது. செய்தது நம் சென்னை. 1961 முதல் பத்தாண்டு அளவில் அங்கே இவ்வண்டி உருவாயிற்று. முன்மூடி பக்கச் சிறகுகளோடு முழுவதுமாக முன்னோக்கித் திறக்கும். தந்தையார் அதைத் திறந்து வைத்துக்கொண்டு சக்கரத்தின் மேலேயே அமர்ந்து பழுது பார்ப்பார். “சென்னையில் பிறந்தது, நம்மைப் போல் இங்கே பிழைக்க வந்திருக்கிறது” என்பார். அவர் மறைந்த பின் இடமில்லை என்று சொல்லி அதைக் கபாடிக்காரரிடம் எடைக்குப் போட்டோம். பதிவுப் புத்தகம் பழைய செய்தித்தாள்களோடு போயிற்று. பெற்ற பணம் எதற்குச் செலவாயிற்று என்பதும் நினைவில்லை.

நம் காலனியின் மூன்றாம் வரிசையில் கித்தான் மூடிய வண்டி ஒன்று நிற்பதை எல்லாரும் அறிவீர்கள். அதுவும் ஹெரால்டுதான், நான்கு கதவுடையது. உரிய அம்மையார் விற்கவும் மனமின்றி, வைத்திருக்கவும் வகையின்றி இருக்கிறார். நம் இளைஞர் மூவர் ஞாயிறுதோறும் வந்து அதை எழுப்பிப் பார்க்க அவரிடம் இசைவு பெற்றிருக்கிறார்கள். எஞ்சினை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். குறைவது காகிதம். இங்கே ஒருகாலத்தில் ஹெரால்டு வைத்திருந்த குடும்பங்கள் ஐந்தாறு உண்டு. உங்கள் டிரங்குப் பெட்டியில் அதன் கையேடோ, உதிரிப்பாகப் பட்டியலோ, மாற்றுச் சாவியோ கிடக்கலாம். அம்மையாரின் கணவர் அலுவலகத்தில் உடன் வேலை பார்த்தவர்கள் யாரிடமேனும் அவருடைய பழைய பதிவுச் சான்றின் படி இருக்கலாம். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்தில் இருப்போம், கொண்டு வாருங்கள்.