பட்டமும் பயிற்சியும்

திருவனந்தபுரத்துக் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழக வளாகம் உள்ளது. 1990-இல் தோன்றிய டெக்னோபார்க் அதற்கு அண்மையிலேயே இருக்கிறது. கல்வியும் தொழிலும் இவ்வாறு அண்டை வீட்டாராய் அமைந்தால் மட்டும் போதுமா? உறவும் வேண்டுமன்றோ? 2024-இல் கேரளத்தில் தொடங்கிய நான்காண்டுப் பட்டப்படிப்பில் தொழிற்பயிற்சியும் ஒரு கூறாயிற்று.

இது கணினி பயில்வோர்க்கே உரியதெனக் கலை மாணவர் ஒதுங்கலாகாது. அதே காரியவட்டத்தில் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடி நூலகம் உள்ளது. தமிழ்ச் சுவடிகளும் அங்குண்டு. சுவடியைத் துடைத்துத் தைலம் தடவவும், ஏடுகளை எண்ணவும், எழுத்தைப் படித்துப் பெயர் பதியவும் பழகுதல் சிறந்த பயிற்சியே.

நாம் கலைப்பட்டத்துடன் மொழிபெயர்ப்புப் பணியில் அமர்ந்தபோது, சுற்றறிக்கையொன்றின் நான்கு வரிகள் ஒரு பகலை விழுங்கின. சொற்களின் பொருள் தெரிந்திருந்தது. அதைப் படித்து நடக்க வேண்டியவர் யாரென்று எண்ணத் தெரியவில்லை. வகுப்பறை அதனைக் கற்பிக்கவில்லை.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோரே! பயிற்சி முடித்து வரும் பிள்ளையிடம் சான்றிதழை மட்டும் கேளாதீர்கள். “உன்னை நம்பி எந்த வேலையை ஒப்படைத்தார்கள்? உன் பிழையை யார் திருத்தினார்கள்?” என்று கேளுங்கள். இவ்விரண்டுக்கும் விடை இருப்பின், அதுவே பயிற்சி.