கதவைத் தட்ட வரம்பு இல்லை

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார். தலைப்பு, சங்கத்தின் மெயில். "வங்கியில் கிளார்க்காக இருந்தவருக்கு கம்ப்யூட்டர் பற்றி என்ன தெரியும்?" என்று சிலர் நினைக்கலாம். நியாயமான சந்தேகம்தான். நான் படித்தது பி.காம். ஆனால் கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் எனக்குத் தூக்கம் வராது. சென்ற நவம்பரில் ஒரு கணக்கு ஒத்துப்போகவில்லை. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தவறு என்னுடையது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று நல்ல மழை. இரவு ஏழு மணிக்கு நம் பிளம்பர் ஓடிவந்து, பி பிளாக் சம்ப்பில் சாக்கடைத் தண்ணீர் கலந்திருக்கிறது, யாரும் குடிக்க வேண்டாம் என்றார். உடனே மோட்டாரை நிறுத்தினோம். வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டோம். ஏழரை மணிக்கு அலுவலக மெயிலிலிருந்து எல்லோருக்கும் அவசர அறிவிப்பு அனுப்பினேன். திரையில் "அனுப்பப்பட்டது" என்று வந்தது. வாட்ச்மேன் குடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சொல்லிவிட்டு வரக் கிளம்பினார். "வாட்ஸ்அப்பும் போயாச்சு, மெயிலும் போயாச்சு, மழையில் அலையாதே" என்று அவரைத் தடுத்தவன் நான்தான்.

மறுநாள் காலை மெயிலைத் திறந்தால், திரும்பி வந்த கடிதங்கள் வரிசையாக நிற்கின்றன. எண்ணிப் பார்த்தேன். 298. இன்றைய அனுப்பும் வரம்பு முடிந்துவிட்டது என்பதுதான் எல்லாவற்றிலும் இருந்த காரணம்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நம்மிடம் 168 வீடுகள். உரிமையாளர், வாடகைதாரர், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் என்று பட்டியலில் 310 முகவரிகள். நாம் வாங்கியிருக்கும் மெயில் திட்டத்தில் 24 மணி நேரத்துக்கு 500 பேருக்குத்தான் அனுப்பலாம். அன்று காலை 9 மணிக்கு மெயின்டனன்ஸ் பில் தானாகவே 310 பேருக்குப் போயிருக்கிறது. 11 மணிக்கு நிலுவை வைத்திருப்பவர்களுக்கு நினைவூட்டல், 118. மாலையில், பணம் கட்டியவர்களுக்கு ரசீது, 60. ஆக 488. மீதி 12. என்னுடைய அவசர அறிவிப்பு பட்டியலில் முதல் 12 பேருக்குப் போய்ச் சேர்ந்தது. மற்ற 298 பேருக்குப் போகவில்லை. கணக்கு பைசா பிசகாமல் ஒத்துப்போனது. ஆனால் அன்றைக்கு அதில் எனக்கு ஒரு திருப்தியும் இல்லை.

வாட்ஸ்அப் பார்த்தவர்கள் தப்பித்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் இல்லாத வீடுகள் 19. அதில் ஒன்றில் தனியாக இருக்கும் ஒரு பெரியம்மா. நமது மெயில் அவருடைய மகளுக்குப் போகும். அவர் சிங்கப்பூரிலிருந்து போன் செய்து அம்மாவிடம் சொல்வார். அன்று மகளுக்கும் மெயில் போகவில்லை. பெரியம்மா அந்தத் தண்ணீரைக் குடித்து, இரண்டு நாள் மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தார். இப்போது நலமாக இருக்கிறார். அவர் அனுமதி தந்த பிறகுதான் இதைச் சொல்கிறேன்.

அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். மெயில் வரம்பு, 500, 298 என்று நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "மெயில் வரலைன்னா என்ன தம்பி, என் வீட்டுக் கதவு அங்கேயேதானே இருந்தது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு, இந்த வரம்பை எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. காசு கட்டி வாங்கிய மெயிலுக்கு எதற்கு வரம்பு? பிறகு என் வங்கி நாட்கள் ஞாபகம் வந்தன. டெல்லர் கவுன்டரில் உட்கார்ந்தால் ஒரு தொகை வரைதான் நானே கொடுக்கலாம். அதற்கு மேல் அதிகாரி கையெழுத்து வேண்டும். ஏடிஎம்மில் உங்கள் பணத்தையே ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுக்கலாம். அது உங்களை நம்பாததால் அல்ல. கார்டு திருடன் கையில் சிக்கினால் நஷ்டம் ஓர் அளவோடு நிற்க வேண்டும் என்பதற்காக.

மெயிலும் அப்படித்தான். நம் அலுவலக பாஸ்வேர்டு ஒருவனிடம் சிக்கினால், ஒரே இரவில் லட்சம் பேருக்கு நம் பெயரில் மோசடிக் கடிதம் போகலாம். வரம்பு இருந்தால் 500-ல் நின்றுவிடும். இன்னொரு காரணமும் உண்டு. ஒரே சர்வரிலிருந்து நம்மைப் போலப் பலர் அனுப்புகிறார்கள். அதில் ஒருவர் குப்பை அனுப்பினால், அந்த சர்வரிலிருந்து வரும் எல்லோருடைய கடிதத்தையும் மற்ற நிறுவனங்கள் சந்தேகத்தோடு பார்க்கும்.

வரம்பு இல்லாத மெயில் சேவை இல்லை என்றே சொல்லலாம். இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500. கூகுள் வொர்க்ஸ்பேஸ் கட்டணத் திட்டத்தில் ஒரு கணக்குக்கு நாளொன்றுக்கு 2000 மெயில். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் நாளொன்றுக்கு 10,000 பெறுநர், நிமிடத்துக்கு 30 மெயில். இதில் நான் தெரியாமல் ஏமாந்த இடங்கள் இரண்டு. ஒன்று, ஒரே கடிதத்தை 100 பேருக்கு அனுப்பினால் நம் திட்டத்தில் கணக்கில் விழுவது ஒன்று அல்ல, 100. இரண்டு, இந்த நாள் நள்ளிரவில் முடிவதில்லை. கடைசி 24 மணி நேரத்தில் எவ்வளவு அனுப்பினீர்கள் என்றுதான் பார்க்கிறார்கள். காலை 9 மணிக்குச் செலவழித்த இடம் மறுநாள் காலை 9 மணிக்குத்தான் திரும்பக் கிடைக்கும்.

மொத்தமாக அனுப்புகிறவர்களால் தொல்லை என்பதும் புதிதல்ல. 1978 மே மாதம், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில், கேரி துர்க் என்ற விற்பனையாளர் தன் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களை விளம்பரம் செய்து சுமார் 400 பேருக்கு ஒரே நேரத்தில் கடிதம் அனுப்பினார். அப்போதே பலருக்குக் கோபம். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் இன்னும் கண்டிப்பு. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5000-க்கு மேல் அனுப்புகிறவர்கள், இனி வேண்டாம் என்று ஒரே அழுத்தலில் விலகிக்கொள்ள வழி வைக்க வேண்டும். குப்பை என்று புகார் செய்வோர் ஆயிரத்துக்கு மூன்று பேரை எட்டக் கூடாது.

எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று பெயர்களைச் சொல்வார்கள். பயப்பட வேண்டாம். எஸ்பிஎஃப் என்பது நம் பெயரில் கையெழுத்துப் போட அதிகாரம் பெற்றவர்களின் பட்டியல். டிகேஐஎம் என்பது கடிதத்தின் மேல் இடும் முத்திரை. வழியில் யாரும் திருத்தவில்லை என்பதற்குச் சாட்சி. டிமார்க் என்பது, இவை ஒத்துப்போகவில்லை என்றால் அந்தக் கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று நாம் முன்கூட்டியே கொடுத்துவைக்கும் உத்தரவு. செக்கில் கையெழுத்து ஒத்துப்போகாவிட்டால் திருப்பி அனுப்புவோமே, அதுதான். மூன்றையும் இப்போது நம் முகவரிக்குச் செய்துவிட்டோம்.

வேறு என்ன மாற்றியிருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பில், நினைவூட்டல், ரசீது இவையெல்லாம் மொத்த மெயிலுக்கென்றே இருக்கும் தனிச் சேவை வழியாகப் போகின்றன. அலுவலக மெயில் மனிதர்கள் எழுதுவதற்கு மட்டும். நினைவூட்டல் இனி பிளாக் வாரியாக வெவ்வேறு நாளில் போகும். பட்டியலில் செத்துப்போன முகவரிகள் 27 இருந்தன, நீக்கிவிட்டோம். இல்லாத முகவரிக்குத் திரும்பத் திரும்ப அனுப்பினால் நம் பெயர்தான் கெடும். திரும்பி வரும் கடிதங்களைத் தினமும் இரவு எட்டு மணிக்கு ஒருவர் பார்க்கிறார். இப்போதைக்கு அந்த ஒருவர் நான்தான்.

உங்களிடம் மூன்று வேண்டுகோள். முகவரி மாறினால் அலுவலகத்தில் சொல்லுங்கள். சங்கத்தின் கடிதம் வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளுங்கள். கோபத்தில் ஸ்பேம் பொத்தானை அழுத்தாதீர்கள், பக்கத்து வீட்டுக்குப் போகும் கடிதமும் அதனால் பாதிக்கப்படும். "நன்றி", "பெற்றுக்கொண்டேன்" என்று எல்லோருக்கும் பதில் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. தாமதமானால் பரவாயில்லை என்ற செய்தியை இயந்திரத்திடம் கொடுக்கலாம். தண்ணீர், கரண்ட், தீ, லிஃப்ட் இவை பற்றிய செய்தியை மனிதர்தான் கொண்டுபோக வேண்டும். இனி அவசரம் என்றால் இன்டர்காம், அதில் எடுக்காத வீடுகளுக்கு நேரில், அதன் பிறகுதான் வாட்ஸ்அப்பும் மெயிலும். வாட்ஸ்அப்பில் இல்லாத அந்த 19 வீடுகளின் பட்டியல் வாட்ச்மேன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பொறுப்பு ஏற்க வேண்டும். பதினோரு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். இன்னும் எட்டு வீடுகளுக்கு ஆள் வேண்டும். கூட்டம் முடிந்ததும் வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பேன்.

பெரியம்மா வீட்டுக்கு என் பெயரை எழுதிவிட்டேன்.